கேரவன்ல ஊர் சுத்திக்கிட்டே ஒட்டுத்துணிப் போர்வை தைக்க முடியுமா?

கல்மண்டபம் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்துல இருந்து எழுதுறேன். பொங்கல் முடிஞ்சதும் பையன் வாடகைக்கு ஒரு கேரவன் எடுக்கிறான். கேரவன்னா ஷூட்டிங் நடக்கிற இடத்துல நிக்கிற வண்டின்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். இதுல 4 பேர் படுக்கலாமாம், சின்ன அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்காம். நான், வீட்டுக்காரர், பையன், மருமக. மொத்தம் 12 நாள். காளஹஸ்தி, ஹம்பி, பாதாமி, அப்புறம் எல்லாபுரா பக்கத்துக் காடு, ஹூப்ளி வழியா வீடு.

எனக்கு 30 வருஷமா தையல்தான். பிளவுஸும் பாவாடையும் ஸ்கூல் யூனிஃபார்மும் தைச்சுத்தான் பையனைப் படிக்க வெச்சேன். இப்ப ஆர்டர் எடுக்கிறதில்லை. மூட்டை மூட்டையா சேர்ந்து கிடக்கிற வெட்டுத்துணியில ஒட்டுத்துணிப் போர்வை மட்டும் தைக்கிறேன். அக்கம்பக்கத்துல பொறந்த குழந்தைங்க நிறைய பேர் என் போர்வையிலதான் தூங்குதுங்க.

இந்தப் பயணத்துல ஊருக்கு ஒரு துணி வாங்கி, வண்டியிலயே தைச்சு, திரும்பி வரும்போது ஒரு முழுப் போர்வையா கொண்டு வரணும்னு ஆசை. வீட்டுக்காரர் ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். "ஊரைப் பார்க்காம ஊசியையே பார்த்துட்டு இருப்பே"ங்கிறார். அந்தக் கவலை எனக்கும் இருக்கு.

இன்னொண்ணு. 7 வருஷம் முன்னாடி ஒரு டூர் பஸ்ல வடக்கே போனோம். கோயிலுக்கு 40 நிமிஷம், கடைக்கு 20 நிமிஷம்னு விரட்டினாங்க. ஆசையா வாங்கின துணிப்பையை அடியில லக்கேஜ் இடத்துல போட்டாங்க, மழைத்தண்ணி இறங்கி, ஒரு சிவப்புத் துணியோட சாயம் மத்த எல்லாத்துலயும் ஏறிப்போச்சு. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பார்த்துட்டு அன்னைக்கு முழுக்க அழுதேன். திரும்பவும் அப்படி ஆகக்கூடாது.

மெஷின் எடுத்துட்டுப் போகலாமா? கரண்ட்டுக்கு என்ன செய்ய? இஸ்திரி? எவ்வளவு துணி வாங்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வியாசை தோழி

அக்கா, கண்டிப்பா முடியும். கரண்ட் மெஷினை மறந்துடுங்க. வீட்ல கைப்பிடி சுத்துற பழைய கை மெஷின் இருந்தா அதுதான் இதுக்குன்னே பொறந்த மெஷின். கேம்ப் போட்ட இடத்துல ஒரு பலகை மேல வெச்சா போதும். மோட்டர் மெஷின்னா 100 வாட் கிட்ட இழுக்கும், அதை வண்டி இன்வெர்ட்டர் தாங்கும். இஸ்திரிப் பெட்டிதான் ஆகாது, 750, 1000 வாட்னு போகும். பேட்டரியைக் காலி பண்ணிடும்.

இஸ்திரிக்கு என் ஆயா செஞ்சது சொல்றேன். அடி தட்டையான சொம்புல கொதிக்கிற தண்ணியை முக்கால்வாசி ஊத்தி, வாயைத் துணியால பிடிச்சுக்கிட்டு, தையல் மேல அப்படியே அழுத்தி நகர்த்தணும். தையலைப் பிரிச்சுப் படுக்க வைக்க அந்தச் சூடு போதும். டீ போடத் தண்ணி கொதிக்க வைக்கும்போதே கொஞ்சம் சேர்த்து வைங்க. அதுவும் இல்லாத இடத்துல கட்டை விரல் நகத்தால கீறி மடிச்சாலே பருத்தித் துணி பேச்சு கேக்கும்.

எண்ணூர் டிரைவர்

22 வருஷமா டூரிஸ்ட் வண்டி ஓட்டுறேன். ரெண்டு விஷயம் மட்டும்.

வண்டி ஓடும்போது மெஷின் மேசை மேல இருக்கவே கூடாது. அது வார்ப்பு இரும்பு. ஒரு சடன் பிரேக் போட்டா முன்னாடி உக்காந்திருக்கிறவர் மேல போய் விழும். தரையில வெச்சு சீட் காலோட கட்டிடுங்க. கத்தரிக்கோல் டப்பாவுக்குள்ள. ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வைங்க; பழைய ஸ்பீக்கர்ல இருந்து ஒரு காந்தம் எடுத்து வெச்சுக்கிட்டீங்கன்னா கீழ விழுந்ததைத் தேட உதவும்.

அடுத்தது, ராத்திரி வண்டி ஓட்ட விடாதீங்க. 4 மணிக்கெல்லாம் நிறுத்தற மாதிரி பிளான் போடச் சொல்லுங்க தம்பிகிட்ட. இருட்டறதுக்குள்ள ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் நல்ல வெளிச்சம் கிடைக்கும். அதுதான் உங்க தையல் நேரம். பகல் முழுக்க ஊர் பார்க்கலாம், அண்ணனுக்கும் மனசு கோணாது.

நாஷ்வில் வண்ணைக்காரி

அம்மா, உங்க பதிவைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. பொறந்தது வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. இப்ப பொண்ணோட அமெரிக்காவுல நாஷ்வில்ல இருக்கேன். போன வருஷம் இதையேதான் இங்க செஞ்சோம். இங்க அந்த வண்டிக்கு ஆர்.வி.ன்னு பேரு. ரிட்டயர் ஆனவங்க வருஷத்துல பாதி நாள் அதுலயே வாழறாங்க, அதுல தைக்கிறவங்க நிறைய.

முதல்ல பதுக்கா போனோம். கென்டக்கி மாநிலத்துல ஓஹையோ ஆத்தங்கரையில இருக்கு, எங்க வீட்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குச் சொச்சம். நம்ம ஒட்டுத்துணிப் போர்வை மாதிரியானதை இங்க குவில்ட்னு சொல்வாங்க. அங்க 1991-ல இருந்து குவில்ட்டுக்குன்னே ஒரு தேசிய மியூசியம் நடக்குது. ஊரே சின்னது, ஆனா 2013-ல யுனெஸ்கோ அதைக் கைவினைக்கான படைப்பு நகரமா சேர்த்திருக்கு. ஏப்ரல்ல குவில்ட் வாரம் நடக்கும்போது வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கண்ணாடிச் சட்டம் இல்லாம தொங்குற ஒவ்வொண்ணையும் கிட்ட நின்னு பார்த்தேன். சிலதுல ஒரு அங்குலத்துக்கு 10 தையல், 12 தையல். கையால!

அப்புறம் ஓஹையோவுல ஆடம்ஸ் கவுண்டி. அங்க ஒரு அம்மா தன் தாயாரோட தையலுக்கு மரியாதை செய்ய, மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கிற பெரிய கொட்டாய்ச் சுவர்ல குவில்ட் கட்டத்தைப் பெயின்ட்ல வரைய வெச்சாங்க. 2001-ல ஆரம்பிச்சது, இப்ப அமெரிக்கா முழுக்கப் பரவிடுச்சு. ரோட்ல போகும்போதே வயல் நடுவுல 8 அடிக்கு 8 அடியில ஒரு நட்சத்திரம் தெரியும். வண்டியை நிறுத்தி நோட்டுல வரைஞ்சுக்குவேன். ராத்திரி அதையே துணியில தைப்பேன்.

வீட்டுக்காரர் கவலைக்கு என் பதில் இதுதான்: தைக்கிறவங்க கண்ணு ஊரைக் கூடுதலாப் பார்க்கும். நான் வரையறேன்னு நிறுத்தலைன்னா அந்தக் கொட்டாய்ங்களை 60 மைல் வேகத்துல தாண்டியிருப்போம்.

இங்க ஊருக்கு ஊர் குவில்ட் கடை. 18-க்கு 22 அங்குலத்துல வெட்டி மடிச்சு வெச்சிருப்பாங்க, ஊருக்கு ஒண்ணு வாங்கினா பை நிறையாது. நீங்களும் அரை மீட்டருக்கு மேல எங்கயும் வாங்காதீங்க. பதுக்காவுல ஒரு கடையில ஒரு துணிச்சுருள் மேல என்ன எழுதியிருந்தது தெரியுமா? "மெட்ராஸ்". நம்ம கட்டம் போட்ட துணி. அங்கயே நின்னுட்டேன்.

காலடிப்பேட்டை டெய்லர்

வண்ணைக்கார அம்மா கடைசியா சொன்ன இடத்துல இருந்து நான் ஆரம்பிக்கிறேன். கல்மண்டபம் அம்மா, வெளியூர்த் துணி எல்லாம் வாங்குங்க. ஆனா போர்வையில பாதி நம்ம ஊர்த் துணியா இருக்கட்டும்.

நாம இருக்கிற இடம் துணிக்காகவே உண்டான இடம். ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காரன் 1639-ல இந்தக் கடற்கரையைத் தேடி வந்ததே இங்க துணி மலிவாவும் நல்லதாவும் கிடைச்சதாலதான். அவனுக்கு முன்னாடியே டச்சுக்காரன் பழவேற்காட்டுல கோட்டை கட்டி (1613) துணி ஏத்திக்கிட்டு இருந்தான். கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடி துணியை வெளுத்துக் கொடுத்தவங்க இருந்த பேட்டை வண்ணாரப்பேட்டை. 1717-ல இருந்து 1720 வரைக்கும் கவர்னரா இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் கொண்டு வந்து குடி வெச்ச ஊர்தான் எங்க ஊர். காலட் பேட்டை காலடிப்பேட்டை ஆச்சு. இப்ப மெட்ரோ ஸ்டேஷன் போர்டுல அந்தப் பேரைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அதனால கணக்கு இப்படிப் போடுங்க. 12 அங்குலக் கட்டம், அகலத்துல 4, நீளத்துல 6, மொத்தம் 24. தைச்சு முடிச்சா 4 அடிக்கு 6 அடி, ஒரு ஆளுக்குப் போர்வை. தையலுக்குக் கால் அங்குலம் நாலு பக்கமும் விட்டு பன்னிரண்டரையா வெட்டுங்க. 12 கட்டம் வழியில வாங்கற துணி, 12 கட்டம் கட்டம் போட்ட நம்ம துணி, ஒண்ணு விட்டு ஒண்ணு. வெளியூர்த் துணிங்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம கண்ணைக் குத்தும். நடுவுல ஒரே துணி திரும்பத் திரும்ப வந்தாத்தான் போர்வை ஒரு போர்வையா நிக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல ஒண்ணரை மீட்டர் வாங்கினா தாராளம். கட்டம் போட்ட பழைய லுங்கி இருந்தா இன்னும் நல்லது, துவைச்சுத் துவைச்சுச் சாயம் நின்னிருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும்.

நடுவுல பஞ்சு வேண்டாம். நம்ம வெயிலுக்குப் பழைய வேட்டி ஒரு அடுக்கு போதும்.

வியாசை தோழி

சாயத்துக்கு உப்புத் தண்ணியில ஊற வைங்க அக்கா. எங்க வீட்ல அப்படித்தான்.

காலடிப்பேட்டை டெய்லர்

மன்னிக்கணும்மா, இது ஊரெல்லாம் சொல்றதுதான், ஆனா உப்பு சாயம் ஏத்தும்போதுதான் உதவும். ஏத்தி முடிச்ச துணியில ஓடற சாயத்தை அது கட்டாது. வாங்கின அன்னைக்கே ஒரு வெள்ளைத் துணியை நனைச்சு ஓரத்துல அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. வெள்ளையில ஏறுச்சுன்னா அதைத் தனியா ஒரு கவர்ல போட்டு வைங்க, தண்ணி தெளியற வரைக்கும் தனியா அலசுங்க. அவ்வளவுதான்.

நாஷ்வில் வண்ணைக்காரி

இந்தச் சாயம் ஓடறதையே 1960-கள்ல இங்க பெருமையாச் சொல்லி வித்திருக்காங்க. துவைக்கத் துவைக்க நிறம் கலங்கி மாறினாத்தான் அசல் மெட்ராஸ்னு.

பின்னி வீட்டுப் பேரன்

எங்க தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில்லுல, அதான் பின்னி கம்பெனியோட பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில்லுல, நெசவுல இருந்தவர். 1996-ல மில் மூடினப்ப அவர் ரிட்டயர் ஆகியிருந்தார், ஆனாலும் அன்னைக்கு அவர் சாப்பிடலைன்னு அப்பா சொல்வார். அதனால ஒண்ணு கேக்கணும்.

காளஹஸ்தி கலம்காரியைக் கட்டம் கட்டமா வெட்டப் போறீங்களா? அது எப்படி வருதுன்னு பார்த்திருக்கேன். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்ததுல ஊற வைக்கிறாங்க. இரும்புத் துருவையும் வெல்லத்தையும் நாள் கணக்குல புளிக்க வெச்சுக் கறுப்பு எடுக்கிறாங்க. மூங்கில் குச்சி முனையில கம்பளி சுத்தி, அதை அழுத்தி அழுத்திக் கோடு கோடா வரையறாங்க. படிகாரம், அலசல், காய வைக்கிறது, திரும்ப அலசல். ஒருத்தர் அத்தனை நாள் உக்காந்து போட்ட கையைக் கத்தரிக்கோல் வெச்சு வெட்டறது எனக்கு மனசு ஒப்பலை. ஹம்பி பக்கம் லம்பாடிப் பெண்கள் தைக்கிற கண்ணாடி வேலையும் அப்படித்தான். தப்பா எடுத்துக்காதீங்க.

கல்மண்டபம் அம்மா

தப்பாவே எடுத்துக்கலை தம்பி. ராத்திரி முழுக்க இதையேதான் யோசிச்சேன். நான் தைச்ச ஒரு பிளவுஸை யாராவது வெட்டினா எனக்கும் வலிக்கும். அதே சமயம் பழசு கிழிஞ்சப்புறம் அதை வெட்டி இன்னொண்ணுல சேர்க்கலைன்னா அது கரித்துணியாத்தான் போகுது. கந்தைன்னு நம்ம சொல்றது அதுதானே.

ஒரு முடிவு எடுத்திருக்கேன். முழுசா இருக்கிற எதையும் வெட்ட மாட்டேன். வேலை செய்யற இடத்துலயே போய், கெட்டுப்போன துண்டு, ஓரத்துல மீந்தது, சாயம் சிந்தினது இருக்கான்னு கேட்டு, அதுக்கு உரிய காசு கொடுத்து வாங்குவேன். கிடைக்கலைன்னா அந்த ஊர்க் கட்டம் காலியா இருக்கட்டும்.

டெய்லர் அண்ணா, லுங்கி இருக்கு. எங்க அப்பாவோடது. காசிமேட்டுல வலை பின்னிக்கிட்டு இருந்தார். பீரோவுல 11 வருஷமா மடிச்சே கிடக்கு. நேத்து எடுத்து விரிச்சேன். நீலமும் அரக்கும் கட்டம். முட்டி வர்ற இடத்துல மட்டும் நைஞ்சிருக்கு. அந்த இடத்தை விட்டுட்டு அளந்தா 14 கட்டம் வருது.

எண்ணூர் டிரைவர்

நல்லபடியா போயிட்டு வாங்கம்மா. டயர்ல காத்து பார்க்கச் சொல்லுங்க.

கல்மண்டபம் அம்மா

வந்துட்டோம். முந்தாநாள் ராத்திரி. எல்லாத்தையும் எழுதினா ஒரு நாள் பத்தாது, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

காளஹஸ்தியில ஒரு பட்டறையில விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெரியவர் பரண்ல இருந்து ஒரு மூட்டையை இறக்கினார். பிள்ளைங்க கோடு பழகின துணிங்க. மயில் கழுத்து, மயில் கழுத்து, மயில் கழுத்து, ஒரு துணி முழுக்கக் கழுத்துங்க மட்டும். அதுல ஒண்ணு வாங்கினேன்.

ஹம்பியில விட்டலர் கோயில் கல் தேரைப் பார்த்துட்டு வெளிய வந்து மர நிழல்ல உக்காந்து கட்டம் இணைச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணாடி வெச்ச பை விக்கிற லம்பாடி அம்மா ஒருத்தங்க பக்கத்துல வந்து, பேசாம என் கையில இருந்ததை வாங்கி, முதல்ல பின்பக்கத்தைத் திருப்பித்தான் பார்த்தாங்க. முடிச்சு எங்க போட்டிருக்கேன்னு விரலால தடவினாங்க. அப்புறம்தான் முன்பக்கம். எங்களுக்குள்ள ஒரு வார்த்தைகூடப் பொது பாஷை இல்லை. அவங்க பையைத் திருப்பி அவங்க முடிச்சைக் காட்டினாங்க. அரை மணி நேரம் அப்படியே போச்சு. பழைய பாவாடையில இருந்து பிரிஞ்ச ஒரு பட்டையைக் கொடுத்தாங்க, பணம் கொடுக்கப் படாதபாடு பட்டேன்.

பாதாமி குகைக் கோயில் 3-வது குகையில 578-ம் வருஷத்துக் கல்வெட்டு இருக்குன்னு பையன் சொன்னான். நான் அங்க தூண்ல இருக்கிற சிலைங்க இடுப்புத் துணியில செதுக்கின கரையைத்தான் பார்த்துட்டு நின்னேன். அடுத்து நடந்தது நான் எதிர்பார்க்காதது. குளேத்குட்டா வழியா வரும்போது என் வீட்டுக்காரர் "வண்டியை நிறுத்து"ன்னார். தறிச் சத்தம் அவர் காதுலதான் முதல்ல விழுந்திருக்கு. அந்த ஊர்ல கணான்னு ஒரு ரவிக்கைத் துணி நெய்யறாங்க, இல்கல் புடவைக்கு ஜோடி. குழித்தறி முன்னாடி ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தவர் ஒண்ணரை மணி நேரம் எழுந்திருக்கலை. நெய்யறவர் கால் மிதிக்கிறதையும் கை இழுக்கிறதையும் பார்த்து, கிரேன்ல கை கால் ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யற மாதிரின்னார். அந்தத் துணியை அவரேதான் தேர்ந்தெடுத்தார். கத்தரிப்பூ கலர்.

எல்லாபுரா பக்கம் சித்தி மக்கள் இருக்காங்க. பல நூறு வருஷம் முன்னாடி ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வரப்பட்டவங்களோட வம்சம். அவங்க தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவந்தின்னு பேரு. மருமகளுக்குக் கன்னடம் தெரியும், அவதான் பேசினா. ஸ்கேல் கிடையாது, அட்டை கிடையாது. பழைய புடவையைத் தரையில விரிச்சு, ஒரு மூலையில ஆரம்பிச்சு, கையில கிடைக்கிற துண்டை மடிச்சு வெச்சு, ஓரத்தோட ஓரமா சுத்திச் சுத்தி நடுவுக்கு வர்றாங்க. ஓட்டுத் தையல்தான், ஆனா தண்ணியில கல்லு போட்ட மாதிரி வளையம் வளையமா. 30 வருஷம் இஞ்ச் டேப்போட வாழ்ந்தவ நான், அதைப் பார்த்து வாயடைச்சுப் போயிட்டேன்.

ஒரு வயசான அம்மா என் போர்வையைப் பார்த்து மூலையைத் தொட்டுக் காட்டிக் கேட்டாங்க, "ஃபுலா எங்கே?"ன்னு. ஃபுலான்னா பூ. முக்கோணமா மடிச்ச சின்னச் சின்னத் துண்டை நாலு மூலையிலயும் அடுக்கி வைக்கணுமாம். அது இல்லாம முடிச்சா போர்வை முடிஞ்சதே இல்லையாம். அப்பா லுங்கியில நைஞ்ச இடத்தை விட்டு வெச்சிருந்தேன்ல, அதுல இருந்தே ஒரு மூலைக்குப் பூ மடிச்சுத் தைச்சுக் கொடுத்தாங்க. மீதி மூணு நான் தைச்சுட்டேன்.

சொம்பு இஸ்திரி அருமையா வேலை செஞ்சது தோழி. ஊசி 2 காணாமப் போச்சு, ரெண்டையும் காந்தம் கண்டுபிடிச்சது அண்ணா. சாயம் ஓடலை.

ஆனா 12 நாள்ல 10 துணிதான் சேர்ந்தது. 2 கட்டம் காலியா இருக்கு. ஹூப்ளி கடைத்தெருவுல எதையாவது வாங்கி ரொப்பியிருக்கலாம், மனசு வரல.

காலடிப்பேட்டை டெய்லர்

அம்மா, அந்த ரெண்டு கட்டமும் கிடைச்சப்புறம் ஓரம் அடிக்க என் கடைக்குக் கொண்டு வாங்க. பீக்கோ மெஷின்ல இல்ல, பட்டை வெச்சு நானே அடிச்சுத் தர்றேன்.

பின்னி வீட்டுப் பேரன்

அம்மா, தாத்தாவோட காக்கி டிரவுசர் ஒண்ணு எங்க வீட்ல இருக்கு. மில்லுல நெய்த துணி. யாரும் போடறதில்லை, யாரும் தூக்கிப் போடவும் இல்லை. அப்பாகிட்ட கேட்டேன், கொடுன்னார். ரெண்டு கட்டம் வருமா? காக்கி தடிமனா இருக்கும், மத்ததோட சேருமா?

காலடிப்பேட்டை டெய்லர்

சேரும் தம்பி. 16 நம்பர் ஊசி போட்டு, தையலை ரெண்டு பக்கமும் பிரிச்சு அழுத்தினா முண்டு தெரியாது.

பின்னி வீட்டுப் பேரன்

சனிக்கிழமை காலையில கல்மண்டபம் வர்றேன்மா. பன்னிரண்டரையில வெட்டியே கொண்டு வந்துடவா?

கல்மண்டபம் அம்மா

வெட்டாம கொண்டு வா தம்பி. அப்பாவையும் கூட்டிட்டு வா. எந்த இடத்துல வெட்டறதுன்னு அவரே பார்த்துச் சொல்லட்டும்.